சூரிய மின்சாரம்: யாருடைய நிலத்தில், யாருடைய முடிவில்?

(ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டம் சாந்திபுரத்தில், எல்லையோர விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கௌண்டின்ய காடுகளை ஒட்டிய கிராமங்களில் பொழுது சாய்ந்ததும் வயலோரங்களில் இரண்டு வகைக் கம்பிகளைக் காணலாம். ஒன்று, பகலில் சூரியத் தகட்டின் வழியே பேட்டரியை நிரப்பிக்கொண்டு, இரவில் விட்டுவிட்டுத் துடிக்கும் மின்சாரத்தைச் செலுத்தும் வேலி. அதைத் தொடும் யானைக்கு அதிர்ச்சி உண்டாகும், உயிர் போகாது. மற்றொன்று, கம்பத்திலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ நேரடியாக இழுக்கப்படும் கள்ள இணைப்பு. அதைத் தொடுவது யானையாயினும், பன்றியாயினும், இரவில் தண்ணீர் பாய்ச்சச் சென்ற விவசாயியாயினும் உயிர் தப்புவது அரிது.

இரண்டிலும் ஓடுவது மின்சாரமே. ஒன்று காக்கிறது, மற்றொன்று கொல்கிறது. அது எங்கே, எப்படி, யாருடைய பொறுப்பில் அமைக்கப்படுகிறது என்பதே இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் இடையில் இன்று நாடெங்கும் எழுந்துள்ள விவாதத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். “மின்சாரம் வேண்டுமா, பறவை வேண்டுமா?” என்று மக்கள் முன் வைக்கப்படும் கேள்வி, இதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை மறைக்கிறது. எந்த நிலத்தில் அமைப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

மின்சாரம் வேண்டும்

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சூரிய ஒளி மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் எதிர்ப்பது இடதுசாரிகளின் நிலைப்பாடு ஆகாது. புவி வெப்பமாதலால் முதலில் பாதிக்கப்படுவோர் மானாவாரி விவசாயிகளும் திறந்த வெளியில் உழைக்கும் கூலித் தொழிலாளர்களும்தான். பருவம் தவறிய மழையும் தாங்க முடியாத வெயிலும் ராயலசீமையின் உழவருக்குப் புத்தகத்தில் படித்தறிய வேண்டிய செய்தி அல்ல.

2025ஆம் ஆண்டின் நடுவில், நாட்டின் நிறுவப்பட்ட மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் சாராதது என்ற நிலையை எட்டிவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஆனால் திறன் வேறு, உண்மையான உற்பத்தி வேறு. உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. அந்த நிலக்கரி ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களின் ஆதிவாசிகளுடைய காடுகளைத் தோண்டி எடுக்கப்படுகிறது. சூரியத் தகடுகளைக் குறை கூறுபவர்கள் நிலக்கரிச் சுரங்கத்தால் அழிந்த காடுகளை மறந்துவிடக் கூடாது.

இந்தப் பகுதியின் தேவையும் சிறியதன்று. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தின் கிருஷ்ணா நீர், ஹந்திரி-நீவா திட்டத்தின் வழியே 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து 2025 ஆகஸ்டில் குப்பத்தை வந்தடைந்தது. அது தானாக ஓடி வந்த நீர் அன்று. படிப்படியாகப் பம்புகள் மேலேற்றிய நீர். ஆண்டுதோறும் அந்த நீர் வர வேண்டுமானால் ஆண்டுதோறும் மின்சாரம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றை நம்பி மல்பெரியும் தக்காளியும் பயிரிடுவோருக்கும் பகல் நேர மின்சாரம் வேண்டும். இரவில் மின்சாரம் வழங்கப்பட்டால், யானை நடமாடும் வயலுக்குள் விவசாயி இருட்டில் போக நேரிடும். பகலில் கிடைக்கும் சூரிய மின்சாரம் இங்கே மனித உயிரையும் காக்கும்.

காகிதத்தில் இருக்கும் கணக்கு

2024 அக்டோபரில் ஆந்திர அரசு ‘ஒருங்கிணைந்த தூய ஆற்றல் கொள்கை’யை அறிவித்தது. 160 ஜிகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய திறன், 10 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, 7.5 லட்சம் வேலைவாய்ப்பு என்று அதில் இலக்குகள் வகுக்கப்பட்டுள்ளன. சூரிய மின்சாரத்துக்கு மட்டும் 78.5 ஜிகாவாட், காற்றாலைக்கு 35 ஜிகாவாட்.

இந்த எண்களை ஏக்கர் கணக்கில் மாற்றிப் பார்க்க வேண்டும். பிரிக்கப்படாத கர்நூல் மாவட்டத்தின் கனி, சகுனாலா கிராமங்களில் 2017இல் செயல்படத் தொடங்கிய 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா 5,900 ஏக்கருக்கு மேல் பரந்துள்ளது. ஒரு மெகாவாட்டுக்கு 5 ஏக்கர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 78.5 ஜிகாவாட்டையும் தரையில் நிறுவினால் ஏறத்தாழ 3 லட்சத்து 92 ஆயிரம் ஏக்கர் தேவைப்படும். அதனுடன் மின்கம்பித் தடங்களும், துணை மின்நிலையங்களும், சாலைகளும் சேரும்.

இவ்வளவு நிலம் எங்கிருந்து வரும்? அரசு ஆவணங்கள் தரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “தரிசு நிலம்”.

தரிசு என்று யார் பெயர் வைத்தது?

ஆங்கிலேயர் ஆட்சியில், தீர்வை வசூலிக்க முடியாத நிலமெல்லாம் பயனற்ற நிலமாகப் பதிவேட்டில் ஏறியது. மரம் இல்லையென்றால் காடு இல்லை. ஏர் ஓடவில்லையென்றால் வயல் இல்லை. இரண்டும் இல்லாதது தரிசு. ஆட்சி மாறிய பின்னும் அந்தப் பதிவேடு மாறவில்லை.

ஆனால் ஆட்டு மந்தை வைத்திருப்பவர் அதைத் தரிசு என்று சொல்வதில்லை. அவருக்கு அது மேய்ச்சல் நிலம். விறகு பொறுக்கும் பெண்ணுக்கும், சீத்தாப்பழம் பறித்து விற்கும் குடும்பத்துக்கும் அது ஆண்டின் சில மாதங்களுக்குச் சோறு போடும் நிலம். அங்கே நரியும், ஓநாயும், வெளிமானும், தரையில் முட்டையிடும் பறவைகளும் வாழ்கின்றன. தக்காணப் பீடபூமியின் புல்வெளியும் முட்புதர்க் காடும் தமக்கே உரிய உயிர்ச்சூழலைக் கொண்டவை. அங்கே மரம் நடுவதுகூடச் சில நேரங்களில் அழிவாகிவிடும் என்றால், இரும்புச் சட்டங்களைப் பல சதுர கிலோமீட்டருக்கு நட்டு, சுற்றிலும் வேலியிடுவது என்னவாகும்?

இந்த நிலங்களில் கணிசமான பகுதி நிலமற்ற ஏழைகளுக்கு, குறிப்பாகத் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம். தமிழ்நாட்டில் பஞ்சமி நிலம் எப்படியோ, அப்படியே இங்கே டி.கே.டி. பட்டா நிலம். அது கைமாறுவதைத் தடுக்க 1977இல் ஆந்திரத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பட்டா உள்ளவரிடமாவது பேச்சுவார்த்தை நடத்துவார்கள். தலைமுறைகளாக உழுதும் பட்டா பெறாதவருக்கும், மேய்ச்சலை மட்டுமே நம்பியவருக்கும் அந்தப் பேச்சுவார்த்தையில் இடமே இல்லை.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற வேண்டிய திட்டங்களின் பட்டியலில் சூரிய மின் திட்டங்களும் காற்றாலைகளும் இல்லை. எனவே, வனநிலம் சாராத இடத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு பூங்கா அமைந்தாலும், அந்த அறிவிக்கையின் கீழான ஆய்வோ மக்கள் கருத்துக்கேட்போ கட்டாயமில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க ஆய்வையும், தனியார் திட்டங்களுக்கு 80 விழுக்காடு நில உடைமையாளர்களின் சம்மதத்தையும் கோருகிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமல் குத்தகைக்கு எடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் கைகொடுப்பதில்லை.

கானமயில் சொல்லும் பாடம்

இந்த முரண்பாடு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதற்குக் காரணம் ஒரு பறவை. 15 கிலோ வரை எடை கொண்ட கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை பரவி வாழ்ந்தது. இன்று நாட்டில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 150 என்று மதிப்பிடப்படுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் உள்ளன. இப்பறவைக்கு நேர் எதிரே பார்க்கும் திறன் குறைவு. உடல் எடையோ அதிகம். கம்பி கண்ணில் படும்போது திரும்புவதற்கு நேரம் இருப்பதில்லை. தார்ப் பகுதியின் ஒரு பரப்பில் மட்டும் மின்கம்பிகளில் மோதி ஆண்டுக்கு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலவகைப் பறவைகள் இறப்பதாக இந்திய வனவுயிர் நிறுவனம் மதிப்பிட்டது.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கானமயிலின் வாழிடங்களில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்ல உத்தரவிட்டது. ஏறத்தாழ 99 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு இதில் அடங்கியது. செலவு மிகுதி, தொழில்நுட்பச் சிக்கல், பருவநிலை தொடர்பாக உலக அரங்கில் அளித்த வாக்குறுதிகள் ஆகியவற்றைக் காட்டி ஒன்றிய அரசு மாற்றம் கோரியது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் தன் முந்தைய பொது உத்தரவைத் திரும்பப் பெற்று, வல்லுநர் குழுவை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியது என்றும் அதே தீர்ப்பு கூறியது. 2025 டிசம்பரில், குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரும் முன்னுரிமைப் பகுதிகளாக வரையறுக்கப்பட்டன. அங்கே புதிய காற்றாலைகளும் 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய சூரிய மின்நிலையங்களும் கூடாது என்றும், மின்தடங்கள் குறிப்பிட்ட வழித்தடங்களில் மட்டுமே செல்ல வேண்டும் என்றும் முடிவாயிற்று.

ஆக, எங்கே அமைக்கலாம், எங்கே கூடாது என்று கோடு போடுவது இயலாத காரியமன்று. தகடுகளை நட்டு, கம்பிகளை இழுத்து, பறவைகள் செத்து விழுந்த பிறகு, நான்கரை ஆண்டுக்கும் மேலாக வழக்காடிப் போடப்பட்டது அந்தக் கோடு. தொடக்கத்திலேயே அதை வரைந்திருந்தால் பறவைகளும் தப்பியிருக்கும், போட்ட பணத்துக்கும் பழுது வந்திருக்காது.

ஆந்திரத்துக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இன்றைய நந்தியால் மாவட்டத்தின் ரோல்லபாடு சரணாலயம் கானமயிலுக்காகவே 1988இல் அமைக்கப்பட்டது. பரப்பு வெறும் 614 ஹெக்டேர். அங்கே அப்பறவை இன்று காண்பதற்கு அரியதாகிவிட்டது. கனி-சகுனாலா சூரியப் பூங்காதான் அதை விரட்டியது என்று சொன்னால் அது உண்மையாகாது. பாசன வருகை, பயிர் மாற்றம், சுற்றியிருந்த மேய்ச்சல் நிலங்களின் சுருக்கம் ஆகியவற்றால் பூங்கா வருவதற்கு முன்பே வீழ்ச்சி தொடங்கிவிட்டது. ஆறு சதுர கிலோமீட்டர் வேலிக்குள் ஒரு பறவையைக் காப்பாற்ற முடியாது. வேலிக்கு வெளியே உழவரும் ஆயரும் பயன்படுத்தும் திறந்த நிலமும் உயிரோடு இருந்தாக வேண்டும். அந்தத் திறந்த நிலத்தைத்தான் இன்று “தரிசு” என்று பட்டியலிடுகிறார்கள்.

யானையும் மின்கம்பியும்

ராஜஸ்தானில் கானமயிலுக்கு நேர்ந்தது இந்த முச்சந்தி எல்லையில் யானைக்கு நேர்கிறது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக ஆந்திரத்தில் காட்டு யானை இல்லை. 1980களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து மந்தைகள் இப்பகுதிக்குள் வந்தன. அங்கே காடுகள் துண்டாடப்பட்டதும் வறட்சியும் அவற்றைத் துரத்தின. 1990இல் 357 சதுர கிலோமீட்டர் பரப்பில் கௌண்டின்ய சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பின் அகழி வெட்டினார்கள். சூரிய வேலி போட்டார்கள். 2025 மே மாதம் கர்நாடகத்திலிருந்து நான்கு கும்கி யானைகளைப் பெற்றார்கள். ஆனாலும் பயிரிழப்பும் உயிரிழப்பும் தீரவில்லை.

இந்த எல்லைக்கு அப்பால், தருமபுரி மாவட்டத்தின் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் கள்ள மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயின் உடல் அருகே நின்றன. அதே மாதம் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரையில் ஏறிய ஒரு யானை, மேலே சென்ற மின்கம்பியில் பட்டு இறந்தது. முதல் நிகழ்வில் குற்றம் ஒரு தனி மனிதரின் வேலியில் இருந்தது. இரண்டாவதில் கம்பி மின்வாரியத்துக்குச் சொந்தம். நாடு முழுவதும் 2020 வரையிலான 11 ஆண்டுகளில் இயற்கை அல்லாத காரணங்களால் இறந்த 1,160 யானைகளில் 741 யானைகளைக் கொன்றது மின்சாரம் என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தெரிவித்தது. ரயில் மோதி இறந்தவை 186, வேட்டையில் 169, நஞ்சால் 64.

இந்தக் கணக்குக்குள் ஒரு வர்க்கக் கணக்கும் உண்டு. ஒரே இரவில் ஒரு மந்தை ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைத் தின்று மிதித்துவிட்டுப் போய்விடும். இழப்பீடு தாமதமாகவும் குறைவாகவும் வரும்போது, கடனில் மூழ்கிய விவசாயியின் கை கள்ளக் கம்பியை நோக்கிப் போகிறது. அவரைச் சிறையில் அடைப்பதால் மட்டும் அடுத்த யானை பிழைக்காது. யானையையும் விவசாயியையும் எதிரெதிரே நிறுத்தும் நிலைமையை மாற்ற வேண்டும். பல்லாயிரம் மெகாவாட் புதிய மின்சாரத்தைச் சுமந்து புதிய தடங்கள் காடுகளின் ஓரமாக வரவிருக்கும் காலத்தில் இந்த எச்சரிக்கை மேலும் முக்கியமாகிறது. கம்பியின் உயரம், கம்பங்களின் இடைவெளி, காப்பிடப்பட்ட கேபிள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே திட்டத்தின் செலவில் சேர்க்காவிட்டால், அந்தச் செலவைப் பின்னர் விவசாயியும் விலங்கும் உயிரால் கட்டுவார்கள்.

செலவு என்ற வாதம்

“இத்தனை நிபந்தனைகள் விதித்தால் மின்சாரத்தின் விலை ஏறும், ஏழைகளே பாதிக்கப்படுவார்கள்” என்பது அடிக்கடி முன்வைக்கப்படும் வாதம். இதைப் புறந்தள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். ஏனெனில் மின்கட்டணம் ஆந்திர மக்களுக்கு ரத்தத்தால் எழுதப்பட்ட பிரச்சினை. 2000 ஆகஸ்ட் 28 அன்று, உலக வங்கியின் நிபந்தனைகளை ஒட்டிய மின்துறைச் சீர்திருத்தத்தையும் கட்டண உயர்வையும் எதிர்த்து ஹைதராபாத் பஷீர்பாக்கில் திரண்டவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது; போராளிகள் உயிர் துறந்தார்கள்.

சூரிய மின்சாரத்தின் உற்பத்தி விலை கடந்த ஆண்டுகளில் பெரிதும் சரிந்துள்ளது. 2021 டிசம்பரில் ஆந்திர மின்பகிர்மான நிறுவனங்கள், விவசாயத்துக்குப் பகலில் 9 மணி நேர மின்சாரம் வழங்கவென்று, ஒன்றிய அரசின் சூரிய ஆற்றல் கழகத்துடன் 7,000 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் செய்தன. யூனிட் 2.49 ரூபாய், காலம் 25 ஆண்டுகள். மின்சாரம் வருவதோ மாநிலத்துக்கு வெளியே, நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து. 2024 நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில், இத்தகைய ஒப்பந்தங்களுக்காக இந்திய அதிகாரிகளுக்கு லஞ்சம் தர முன்வந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. அதானி குழுமம் அதை மறுத்துள்ளது. வழக்கு எப்படி முடிந்தாலும், 25 ஆண்டுகளுக்கு ஒரு மாநிலத்தைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் மக்கள் கண்ணுக்கு முன் திறந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

சாந்திபுரத்தின் பம்பை ஓட்டும் மின்சாரத்தை மேற்கிந்தியாவின் புல்வெளியில் உற்பத்தி செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் கம்பியில் கொண்டுவரும் முறை, தகட்டுக்கு மலிவாகத் தெரியலாம். கம்பித்தடத்தின் செலவு, வழியில் ஏற்படும் இழப்பு, மேய்ச்சல் இழந்த ஆயர்கள், மோதிச் செத்த பறவைகள் ஆகியவை அந்த விலைப்பட்டியலில் இல்லை. கம்பெனிக்குக் கிடைக்கும் லாபம் கணக்கில் ஏறுகிறது. இயற்கையும் ஏழைகளும் அடையும் இழப்பு கணக்கில் ஏறுவதில்லை. மலிவு என்பது இப்படிப் பிறந்த மலிவு.

கூரையும் வாய்க்கால் கரையும்

மாற்று எது? குப்பம் தொகுதியின் நடிமூரு கிராமத்தில் 2025 ஜனவரியில் வீட்டுக் கூரை சூரிய மின்சாரத்துக்கான முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. கூரையில் வைக்கும் தகட்டுக்கு எந்த யானையின் வழித்தடமும் தேவையில்லை. எந்த ஆட்டு மந்தையின் மேய்ச்சலும் குறையாது. முதலமைச்சரின் தொகுதி என்பதற்காக ஓரிரு கிராமங்களில் காட்சிப் பொருளாக வைக்காமல், இதை மாநிலம் முழுவதும் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆனால் கூரை ஒன்றே போதும் என்று சொல்வதும் நேர்மையாகாது. சி.இ.இ.டபிள்யூ. ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்திய வீட்டுக் கூரைகளில் தொழில்நுட்ப அளவில் 637 ஜிகாவாட் நிறுவ இயலும். வீடுகளின் மின்நுகர்வையும் பொருளாதார நிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 118 ஜிகாவாட்டாகச் சுருங்குகிறது. ஏழையின் வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும்தான். அவருக்குத் தகட்டில் போட்ட பணம் திரும்பாது. எனவே மானியத்தையும் வங்கிக் கடனையும் நம்பிய திட்டம் வசதியுள்ளவர் கூரையோடு நின்றுவிடும். பொதுத்துறை மின்நிறுவனமே முதலீடு செய்து ஏழைகளின் கூரையில் தகடு வைத்து, அந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் முறை வந்தால்தான் 118க்கும் 637க்கும் இடையிலுள்ள தூரம் குறையும்.

கூரைக்கு அடுத்து, ஏற்கெனவே இயற்கை மாற்றப்பட்டுவிட்ட இடங்கள் இருக்கின்றன: வாய்க்கால்களின் மேற்பகுதி, கைவிடப்பட்ட கல்குவாரிகள், தொழிற்பேட்டைகள், அரசுக் கட்டடங்கள், துணை மின்நிலையங்களின் சுற்றுப்புறம். விவசாய மின்தடங்களை அந்தந்த ஊரிலேயே சிறிய சூரிய நிலையங்களால் இயக்குவதற்கு 2019இல் தொடங்கிய குசும் திட்டத்தில் இடமுண்டு. இவையெல்லாம் நிரம்பிய பின்னும் பெரிய பூங்காக்கள் தேவைப்படலாம். அப்போதும் இடத்தைத் தேர்வு செய்வது உயிரியல் ஆய்வையும் கிராம சபையின் முடிவையும் பொறுத்திருக்க வேண்டும்.

திருப்பிவிடப்பட்ட கால்வாய்

“ஒரு பறவைக்காகத் திட்டத்தை மாற்ற முடியுமா?” என்று கேட்பவர்களுக்கு இதே ராயலசீமையில் பதில் இருக்கிறது. தெலுங்கில் கலிவிகோடி எனப்படும் ஜெர்டான் பறவை 1848இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. 1900க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல், அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. 1986இல் கடப்பா மாவட்டத்து முட்புதர்க் காட்டில், உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவரின் துணையோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் அதை மீண்டும் கண்டுபிடித்தார். பதிவேட்டில் “பயனற்ற புதர்” என்றிருந்த நிலம், உலகில் வேறெங்கும் உறுதிப்படாத ஓர் உயிரின் வீடாக இருந்தது. பின்னர் தெலுங்கு கங்கைக் கால்வாய் அந்த வாழிடத்தை வெட்டிச் செல்ல இருந்தபோது, எதிர்ப்பு எழுந்தது. கால்வாயின் தடம் மாற்றப்பட்டது. கூடுதல் நிலம் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டது. அதனால் பாசனத் திட்டம் நின்றுவிடவில்லை.

நேரத்தில் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே சான்று. அங்கே ஃபோசன் பகுதியில் சாமி பழங்குடியினர் கலைமான் மேய்க்கும் நிலத்தில் 151 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அனுமதி சாமி மக்களின் உரிமையை மீறியது என்று 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. தீர்ப்புக்குப் பின்னும் அவை அகற்றப்படவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின் இழப்பீட்டு உடன்பாடுதான் கிடைத்தது. வளமும் சட்டமும் மிகுந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், பட்டாவே இல்லாத ஆயருக்கு இங்கே என்ன கிடைக்கும்?

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

இவற்றிலிருந்து எழும் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: ஆந்திரத்தின் எந்த நிலம் சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு ஏற்றது, எது கூடாது என்ற வரைபடம் மாவட்டவாரியாக, ஒப்பந்தங்களுக்கு முன்பே, மக்கள் மொழியில் வெளியிடப்பட வேண்டும். யானை வழித்தடம், புல்வெளி, மேய்ச்சல் நிலம், டி.கே.டி. நிலம் ஆகியவை அதில் குறிக்கப்பட வேண்டும்.

இரண்டு: குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எல்லாச் சூரிய, காற்றாலைத் திட்டங்களும் சுற்றுச்சூழல் ஆய்வுக்கும் மக்கள் கருத்துக்கேட்புக்கும் உட்பட வேண்டும். கிராம சபையின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். குத்தகை நிலத்துக்கும் இது பொருந்த வேண்டும். பட்டா இல்லாத சாகுபடியாளரும் ஆயரும் பாதிக்கப்பட்டோராக அங்கீகரிக்கப்பட வேண்டும்.

மூன்று: யானைப் பகுதிகளில் தாழ்ந்து தொங்கும் கம்பிகளை மின்நிறுவனமே உயர்த்தவும், தேவையான இடத்தில் காப்பிடப்பட்ட கேபிளாக மாற்றவும் வேண்டும். பறவைகள் பறக்கும் தடங்களில் கம்பியைக் காட்டும் கருவிகள் பொருத்தப்பட வேண்டும். அதற்கான செலவைத் திட்ட உரிமையாளர் ஏற்க வேண்டும்.

நான்கு: சூரிய வேலியை அமைப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வேலி செயலிழக்கும். பேட்டரி தேய்ந்தால் அது வெறும் கம்பி. பராமரிப்புக்கு உள்ளூர் இளைஞர்களை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். பயிரிழப்புக்கான இழப்பீடு குறித்த நாளுக்குள், சந்தை விலையில் கிடைக்க வேண்டும்.

ஐந்து: ஏழைகளின் கூரைகளிலும் விவசாய மின்தடங்களிலும் பொதுத்துறையே முதலீடு செய்ய வேண்டும். அறிவிக்கப்பட்ட வேலைவாய்ப்புகளில் நிலம் கொடுத்த கிராமங்களுக்கு முதலிடம் வேண்டும்.

தோழர்களே, தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் இந்த மண்ணில் யானைகள் மூன்று மாநிலங்களின் எல்லையை அறியாமல் நடக்கின்றன. அவற்றைத் தடுக்கும் போராட்டத்தில் பயிரை இழப்பவரும், தலைக்கு மேல் செல்லும் கம்பியின் மின்சாரம் தன் வீட்டுக்கு வராதவரும் ஒரே உழைப்பாளி மக்கள்தான். காட்டுயிரைக் காக்க விரும்பும் ஆர்வலர், மேய்ச்சல் நிலத்தைக் காக்கப் போராடும் ஆயர், பகல் மின்சாரம் கேட்கும் விவசாயி ஆகிய மூவரும் தனித்தனியாக நின்றால் ஒருவருக்கு எதிராக மற்றொருவரை நிறுத்துவது எளிது. மூவரும் ஒரே கிராம சபையில் உட்கார்ந்து, ஊரின் வரைபடத்தை விரித்து, “தகடு இங்கே, கம்பி இவ்வழியே, மந்தைக்கும் யானைக்கும் இந்த வழி” என்று தீர்மானம் நிறைவேற்றட்டும். அந்தத் தீர்மானத்தை ஒப்பந்தத்துக்கு முன்னால் வைக்கும் போராட்டத்தைச் சாந்திபுரத்திலிருந்தே தொடங்கலாம்.